கேமரா லென்ஸுக்கான கோளமற்ற கண்ணாடி வில்லை தயாராகும் விதம்: வரைபடம் முதல் பொருத்துதல் வரை

கேமரா லென்ஸ் என்று நாம் கடையில் வாங்குவது ஒற்றைக் கண்ணாடி அன்று. பல தனித்தனி வில்லைகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஒரு குழாய்க்குள் அடுக்கிய தொகுப்பு அது. அந்த வில்லைகளில் பெரும்பாலானவை பந்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு போன்ற கோளப் பரப்பைக் கொண்டவை. ஒன்று முதல் நான்கைந்து வரையிலானவை மட்டும் மையத்திலிருந்து ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்ல வளைவு மாறிக்கொண்டே போகும் பரப்பைக் கொண்டிருக்கும். இவற்றையே கோளமற்ற வில்லைகள் என்கிறோம். லென்ஸின் பெயரோடு சேரும் ‘ஆஸ்பெரிக்கல்’ என்ற சொல் இவற்றையே குறிக்கிறது. அத்தகைய ஒரு கண்ணாடி வில்லை கணினித் திரையில் கோடாக இருக்கும் நிலையிலிருந்து லென்ஸ் குழாய்க்குள் சென்று அமர்வது வரையிலான படிகளை இக்கட்டுரை வரிசையாக விளக்குகிறது. சூட்டில் இளக்கி அழுத்தி வார்க்கும் முறையே இன்று பரவலாக இருப்பதால் அதையே நடுநாயகமாகக் கொண்டு, மற்ற முறைகளை உரிய இடங்களில் சுருக்கமாகக் காண்போம்.

கோளப் பரப்பு தானே அமைவது, கோளமற்றது அமைக்கப்படுவது

கோளப் பரப்பில் ஓர் இயல்பான குறை உண்டு. வில்லையின் ஓரத்தில் விழும் கதிர்கள், நடுவில் விழும் கதிர்களைவிட அதிகமாக வளைந்து, சற்று முன்னதாகவே குவிகின்றன. இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை முழுவதுமாகத் திறந்து படமெடுக்கும்போது ஒளிப்புள்ளிகளைச் சுற்றி மெல்லிய பனிமூட்டம் போலப் படர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓரத்தின் வளைவைச் சற்றே தளர்த்திவிட்டால் எல்லாக் கதிர்களையும் ஒரே புள்ளியில் சேர்த்துவிடலாம் என்பது பழைய அறிவுதான். 1637-இல் ரெனே தெகார்த் தமது ஒளியியல் நூலில் அதிபரவளைய வில்லையை முன்மொழிந்ததோடு, அதைத் தேய்த்தெடுக்க ஓர் எந்திரத்தையும் வரைந்து காட்டினார். ஃபெரியே என்ற கைவினைஞரோடு சேர்ந்து அதைச் செய்துபார்க்கவும் விரும்பினார். அன்றைய கருவிகளால் அது இயலவில்லை.

இயலாமைக்குக் காரணம் கணிதத்தில் இல்லை, தேய்ப்பதன் இயல்பில் இருந்தது. ஆட்டுக்கல்லின் குழியும் குழவியின் அடியும் ஆண்டுக்கணக்கில் உரசி ஒன்றுக்கொன்று பொருந்திப்போவதுபோல, இரண்டு பரப்புகளை எல்லாத் திசைகளிலும் மாறிமாறி உரசவிட்டால், எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இடைவெளியின்றிப் பொருந்தக்கூடிய ஒரே வடிவத்தை, அதாவது கோளத்தை நோக்கி அவை தாமாகவே சென்றுவிடும். ஆகவே சாதாரண எந்திரத்தில் சுமாரான துல்லியத்தோடு தொடங்கினாலும், முடிவில் ஒளியின் அலைநீளத்தில் சிறு பின்னம் அளவே பிழையுள்ள கோளப் பரப்பு கிடைத்துவிடுகிறது. கோளமற்ற பரப்புக்கு இந்தக் கொடை கிடையாது. மேலும், அப்படிப்பட்ட பரப்பைப் பெரிய மெருகுத்தட்டில் வைத்து உரசினால், தட்டு அதன் தனித்தன்மையை அழித்து மீண்டும் கோளத்தை நோக்கியே இழுக்கும். எனவே ஒவ்வொரு வட்டத்திலும் எவ்வளவு கண்ணாடி இருக்க வேண்டும் என்பதை எந்திரம் அறிந்திருக்க வேண்டும். கிடைத்தது சரிதானா என்பதைச் சொல்லும் அளவுக்கருவியும் பக்கத்தில் இருக்க வேண்டும். இனி வரும் படிகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு தேவைகளே மாறிமாறி வரும்.

35 மி.மீ. கேமராக்களுக்காகத் தொடர் உற்பத்தியில் வந்த முதல் கோளமற்ற லென்ஸ் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் (பின்னாளில் லைக்கா) 1966-இல் வெளியிட்ட நாக்டிலக்ஸ் 50 மி.மீ. எஃப்/1.2. அதன் ஆறு வில்லைகளில் இரண்டு பரப்புகள் கோளமற்றவை; அவற்றைத் தேர்ந்த தொழிலாளர்கள் தனித்தனியாகத் தேய்த்து மெருகேற்ற வேண்டியிருந்தது. 1971-இல் கேனனின் எஃப்டி 55 மி.மீ. எஃப்/1.2 ஏஎல், 1977-இல் நிக்கானின் நாக்ட்-நிக்கோர் 58 மி.மீ. எஃப்/1.2 ஆகியவை வந்தன. இவை விலையுயர்ந்த அரிய பொருள்களாகவே இருந்தன. 1982-இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட டிஸ்க் கேமராவில் நிலைமை தலைகீழானது: எளிய மக்கள் வாங்கும் அந்தச் சிறு கேமராவில், சூடாக்கிய கண்ணாடியை மோல்டில் (வார்ப்பு அச்சில்) அழுத்தி வார்த்த கோளமற்ற வில்லை இருந்தது. லைக்காவின் 35 மி.மீ. சம்மிலக்ஸ் லென்ஸின் வரலாறும் இதே மாற்றத்தைத்தான் காட்டுகிறது. கையால் மெருகேற்றிய இரண்டு கோளமற்ற பரப்புகளோடு சிறிய எண்ணிக்கையில் வெளிவந்த அது, 1994-இல் அழுத்தி வார்த்த ஒரேயொரு கோளமற்ற பரப்போடு மறுவடிவம் பெற்று வழக்கமான உற்பத்திக்கு வந்தது.

படி 1: பரப்பை எண்களாக எழுதுதல்

வடிவமைப்பாளர் தரும் வரைபடத்தில் கோளமற்ற பரப்பு ஒரு சமன்பாடாக இருக்கும். மையத்தில் உள்ள வளைவு ஆரம், பரப்பு நீள்வட்ட வகையா பரவளைய வகையா அதிபரவளைய வகையா என்பதைச் சொல்லும் கூம்பு மாறிலி, அதன்மேல் ஓரப்பகுதியை நுணுக்கமாகத் திருத்தும் நான்காம், ஆறாம், எட்டாம், பத்தாம் அடுக்குக் குணகங்கள் ஆகியவை அதில் அடங்கும்.

இதில் பேசப்படும் அளவுகள் எத்தகையவை என்பதை ஒரு கணக்கால் காணலாம். மைய வளைவு ஆரம் 40 மி.மீ., விட்டம் 30 மி.மீ. உள்ள ஒரு பரப்பை எடுத்துக்கொள்வோம். அது கோளமாக இருந்தால் ஓரம் மையத்தைவிட 2.919 மி.மீ. தாழ்ந்திருக்கும், பரவளையமாக இருந்தால் 2.813 மி.மீ. தாழ்ந்திருக்கும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல், அதாவது சுமார் 106 மைக்ரான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அந்த 106 மைக்ரானை, பரப்பு முழுவதும், சுமார் கால் மைக்ரான் பிழைக்குள் கொண்டுவர வேண்டும். ஒளிவிலகல் எண் 1.58 உள்ள கண்ணாடியில் பரப்புப் பிழை கால் மைக்ரான் என்றால் ஒளியலையில் ஏற்படும் பிழை சுமார் 0.145 மைக்ரான், இது பச்சை ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நல்ல லென்ஸில் ஒரு வில்லைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதே தாராளம்.

வரைபடத்தில் மூன்று வகைப் பிழைகளுக்கும் தனித்தனி வரம்பு எழுதப்பட வேண்டும். பரப்பின் ஒட்டுமொத்த வடிவப் பிழை முதலாவது. சில பத்து மைக்ரான் முதல் மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியில் வரும் அலையலையான நெளிவு இரண்டாவது. நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலான சொரசொரப்பு மூன்றாவது. இரண்டாவதை எழுத மறந்துவிட்டு, பிறகு படங்களில் அதன் விளைவைப் பார்த்து வருந்துவது இத்துறையில் நெடுநாள் நடந்த கதை. அதைப் பின்னர் காண்போம்.

படி 2: எந்த வழி?

ஒரு கோளமற்ற வில்லைக்கு நான்கு வழிகள் உண்டு. சிறியதும் நடுத்தரமானதுமான கண்ணாடி வில்லைகள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டால் அழுத்தி வார்ப்பதே சிறந்தது. அளவு மிகப் பெரியதாகவோ எண்ணிக்கை மிகக் குறைவாகவோ இருந்தால் நேரடியாகத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சாதாரண கோளக் கண்ணாடியின் மேல் மெல்லிய பிசின் படலத்தைப் பரப்பி, கோளமற்ற மோல்டை அதன்மீது அமர்த்திப் புறஊதா ஒளியால் இறுகச்செய்யும் கலப்பு முறை மலிவானது. ஆனால் பிசின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கண்ணாடியைப்போல் தாங்காது. கிடைக்கும் பிசின்களின் ஒளிவிலகல் எண்களும் சிலவே. நான்காவதான பிளாஸ்டிக் ஊசி வார்ப்பு கைபேசிக் கேமராக்களில் கோலோச்சுகிறது. வேறு கேமராக்களுக்கான தரமான லென்ஸ்களில் அதைத் துணைப் பொருளாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து.

படி 3: மோல்டுக்கு ஏற்ற கண்ணாடியைத் தேர்தல்

எல்லா ஒளியியல் கண்ணாடிகளையும் அழுத்தி வார்க்க முடியாது. சூடாக்கும்போது கண்ணாடி திடநிலையிலிருந்து இளகத் தொடங்கும் வெப்பநிலையை மாறுநிலை வெப்பநிலை என்பார்கள். ஷாட் நிறுவனத்தின் எங்கும் பரவலான பிகே7 வகைக் கண்ணாடியில் அது 557 டிகிரி செல்சியஸ். லாந்தனம் கலந்த பல கண்ணாடிகளில் 600 டிகிரியைத் தாண்டும். அவ்வளவு சூட்டில் மோல்டின் பூச்சு விரைவில் அழிந்துவிடும். ஆகையால் இந்த வெப்பநிலை தாழ்வாக இருக்கும்படி தனிக் கண்ணாடி வகைகளை உருவாக்கினார்கள். ஷாட் தன் வகைகளைப் ‘பி’ என்ற எழுத்தாலும், ஜப்பானின் ஒஹாரா ‘எல்’ என்ற எழுத்தாலும், ஹோயா ‘எம்’ என்ற எழுத்தாலும் அடையாளப்படுத்துகின்றன. எடுத்துக்காட்டாக, ஒளிவிலகல் எண் 1.583 கொண்ட ஒஹாராவின் எல்-பால்42 கண்ணாடிக்கு மாறுநிலை வெப்பநிலை 506 டிகிரி. ஷாட்டின் பி-எஸ்கே57 கண்ணாடிக்கு 493 டிகிரி.

இந்தத் தாழ்வுக்கு விலை கொடுத்தே ஆக வேண்டும். இளகும் வெப்பநிலையைக் குறைப்பதற்காகச் சேர்க்கும் பொருள்களால் இவ்வகைக் கண்ணாடிகளில் சில, நீராலும் கழுவும் திரவங்களாலும் எளிதில் கறைபடுகின்றன. வடிவமைப்பாளர் ஒளியியல் பண்புகளை மட்டும் பார்த்துக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கழுவும் அறையில் இருப்பவர்களே அதன் சுமையைத் தாங்குவார்கள்.

படி 4: மோல்டைச் செய்தல்

தொழிற்சாலை முழுவதிலும் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுவே. துல்லியத்தை ஒருமுறை மோல்டில் வாங்கிவிட்டு, அதைப் பல்லாயிரம் முறை கண்ணாடியில் படியெடுப்பதுதான் இந்தத் தொழிலின் பொருளாதாரம்.

மோல்டுக்குப் பெரும்பாலும் பிணைப்பு உலோகம் சேர்க்காத, மிக நுண்ணிய துகள்களால் ஆன டங்ஸ்டன் கார்பைடைப் பயன்படுத்துகிறார்கள். வெட்டுக்கருவிகளுக்கான சாதாரண கார்பைடில் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட், உயர்வெப்பத்தில் மேலே கசிந்து பரப்பைக் கெடுத்துவிடும் என்பதால் அது உதவாது. சிலிக்கன் கார்பைடும் பயன்பாட்டில் உண்டு. இவை மிகக் கடினமானவை. ஆகவே வைரத் துகள்கள் பதித்த சிறு சக்கரத்தால்தான் அரைக்க முடியும்.

அரைக்கும் எந்திரம் சாதாரண கடைசல் எந்திரத்தின் தூரத்து உறவினர்தான். ஆனால் அதன் சுழலச்சு காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும். நகரும் மேடைகள் எண்ணெய் அல்லது காற்றுப் படலத்தின் மேல் வழுக்கும். இருப்பிடத்தை நானோமீட்டர் அளவில் காட்டும் அளவுகோல்கள் அதில் இருக்கும். எந்திரம் அதிர்வு தடுக்கும் அடித்தளத்தின்மேல், வெப்பநிலை ஒரு டிகிரியின் சிறு பின்னத்துக்குமேல் மாறாத அறையில் நிற்கும். சக்கரம் மோல்டின் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே அரைக்கும்போது, சமன்பாட்டில் எழுதிய வளைவு கார்பைடில் படிகிறது.

மையப் புள்ளியில் ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. சுழலும் மோல்டின் மையத்தில் பரப்பின் வேகம் சுழியமாகிவிடும். சக்கரத்தின் உயரம் சுழலச்சின் மையத்தோடு ஒரு மைக்ரான் பிசகினாலும் நடுவில் நுண்ணிய மேடோ குழியோ மிஞ்சும். மோல்டை அளந்து பார்க்கும் வரைகோட்டில் நடுவில் சிறு முள் போல நிமிர்ந்து நிற்கும் அந்தக் குறியைக் கண்டவுடனே, அனுபவமுள்ள இயக்குநர் சக்கரத்தின் உயரத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவார். சக்கரமும் அரைக்க அரைக்கத் தேயும் என்பதால், ஒரே தடவையில் வேலை முடிவதில்லை. அரைத்து, அளந்து, கிடைத்த பிழை வளைவைத் தலைகீழாக்கி அடுத்த சுற்றின் பாதையில் கூட்டி, மீண்டும் அரைப்பார்கள். பிழை 0.1 மைக்ரானுக்கு அருகில் வரும்வரை இந்தச் சுற்று தொடரும். அதன்பின் நுண்ணிய வைரப்பசையால் சிறுசிறு பகுதிகளாக மெருகேற்றி, அரைத்த வரிகளை நீக்குவார்கள்.

மோல்டின் வளைவு வரைபடத்தில் உள்ள வளைவாகவே இருக்கக் கூடாது என்பது புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டியது. அழுத்தும் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது கண்ணாடி மோல்டைவிட அதிகமாகச் சுருங்கும். கண்ணாடியின் நீள்விரிவு டிகிரிக்குப் பத்து இலட்சத்தில் 8.5 பங்கு என்றும், கார்பைடின் விரிவு 5 பங்கு என்றும் வைத்துக்கொண்டால், 480 டிகிரி குளிரும்போது 30 மி.மீ. விட்டத்தில் இரண்டுக்கும் சுமார் 50 மைக்ரான் வேறுபாடு வரும். நமக்குத் தேவையான துல்லியத்தோடு ஒப்பிட்டால் இது மலையளவு. கணினி உருவகப்படுத்தலால் இதன் பெரும்பகுதியை முன்கூட்டியே மோல்டில் ஈடுசெய்கிறார்கள். மிச்சத்தை முதல் சில வில்லைகளை அழுத்தி அளந்த பிறகு திருத்துகிறார்கள்.

கடைசியாக, மோல்டின்மேல் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் முதல் ஒரு மைக்ரான் வரை தடிமனுள்ள காப்புப் பூச்சு இடப்படுகிறது. இரிடியம், பிளாட்டினம் முதலிய அரிய உலோகக் கலவைகளோ, வைரம் போன்ற கார்பன் படலமோ இதற்கு ஏற்றவை. பூச்சு இல்லாவிட்டால் சூடான கண்ணாடி மோல்டோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது இரண்டும் வீணாகும். பூச்சு தேய்ந்துபோனால் அதை நீக்கிவிட்டு மறுபடி பூசி, அதே மோல்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

படி 5: முன்வடிவத் துண்டு

மோல்டுக்குள் வைக்கும் கண்ணாடித் துண்டின் பரப்பு ஏற்கனவே பளபளப்பாக இருக்க வேண்டும். அழுத்துவதால் வடிவம் மாறுமே தவிர, கீறல் மறையாது. உருகிய கண்ணாடியை உலையின் குழாயிலிருந்து சொட்டாக விழவைத்து, காற்றின்மேல் மிதக்கவிட்டுக் குளிர்விப்பது ஒரு வழி. யாரும் தொடாமலே மாசற்ற பரப்பு கிடைத்துவிடும். பந்தாகவோ தட்டையான கோள வில்லையாகவோ தேய்த்து மெருகேற்றுவது மற்றொரு வழி. மூடிய மோல்டில் கண்ணாடிக்கு வெளியேற இடமில்லாதபோது துண்டின் எடை கூடினால் வில்லை தடிக்கும், குறைந்தால் ஓரம் நிரம்பாது. ஆகையால் எடையை மில்லிகிராம் கணக்கில் கட்டுப்படுத்துகிறார்கள்.

துண்டின் வளைவும் முக்கியமானது. குழிந்த மோல்டில் வைக்கும் துண்டு, மோல்டைவிட அதிக வளைவுடையதாக இருக்க வேண்டும். அப்போதுதான் தொடுதல் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கிப் பரவி, இடையிலுள்ள வாயுவை வெளியே தள்ளும். தட்டையான துண்டை வைத்தால் ஓரம் முதலில் மூடிக்கொண்டு, நடுவில் வாயு சிறைப்பட்டு, அழகான வழவழப்பான ஒரு குழியை வில்லையில் விட்டுச்செல்லும்.

படி 6: அழுத்துதல்

ஜப்பானின் ஷிபாவுரா மெஷின் (2020 வரை தோஷிபா மெஷின் என்ற பெயரில் இயங்கியது) போன்ற நிறுவனங்கள் இதற்கெனவே எந்திரங்கள் செய்கின்றன. மேல் மோல்டு, கீழ் மோல்டு, இரண்டையும் நேர்கோட்டில் நிறுத்தும் உருளை உறை ஆகிய மூன்றும் சேர்ந்தது ஒரு தொகுதி. உறைக்கும் மோல்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அந்த இடைவெளி கூடினால், வில்லையின் முன்பரப்பும் பின்பரப்பும் ஒன்றுக்கொன்று விலகிப்போகும்.

உறிஞ்சு முனையால் எடுத்த கண்ணாடித் துண்டைக் கீழ் மோல்டின் நடுவில் வைத்து அறையை மூடியதும், உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்புகிறார்கள். ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் கார்பைடும் பூச்சும் கருகிவிடும். அகச்சிவப்பு விளக்குகள் மோல்டையும் கண்ணாடியையும் ஒன்றாகச் சூடாக்குகின்றன. மாறுநிலை வெப்பநிலையை எட்டியதும் அழுத்திவிடுவதில்லை. அந்நிலையில் கண்ணாடியின் பாகுத்தன்மை இன்னும் மிக அதிகம். மேலும் சில பத்து டிகிரி ஏறி, பாகுத்தன்மை பல்லாயிரம் மடங்கு குறைந்த பிறகு, எல்லாப் பகுதியும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைச் சுருக்கி நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தால், உள்ளே குளிர்ந்தும் வெளியே இளகியும் இருக்கும் கண்ணாடி அழுத்தத்தில் விரிசல் விடும்.

பிறகு மோல்டு மெல்ல மூடுகிறது. வில்லையின் அளவைப் பொறுத்துச் சில நூறு கிலோ எடைக்கு நிகரான விசை தேவைப்படலாம். கண்ணாடி ஓரம்வரை நிரம்பியதும் குளிர்விப்பு தொடங்குகிறது; தரத்தைத் தீர்மானிப்பதில் அழுத்துவதைவிடக் குளிர்விப்பதற்கே பங்கு அதிகம். மாறுநிலை வெப்பநிலையைக் கடந்து கீழே வரும்வரை மெதுவாகக் குளிரவிட்டு, அதுவரை குறைந்த விசையால் மோல்டை அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். விசையை முன்கூட்டியே எடுத்துவிட்டால், சுருங்கும் கண்ணாடி மோல்டின் பரப்பிலிருந்து பிரிந்து உள்வாங்கிவிடும். மோல்டு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. கண்ணாடி முற்றிலும் இறுகிய பின்னரே நைட்ரஜனை வேகமாக ஊதிக் குளிர்விக்கிறார்கள். தனித்தனியாக அழுத்தும் எந்திரத்தில் பெரிய வில்லை ஒன்றுக்குப் பத்து, இருபது நிமிடங்கள்கூட ஆகலாம். சூடாக்கும் இடம், அழுத்தும் இடம், குளிர்விக்கும் இடம் என்று வரிசையாக அமைத்து மோல்டுத் தொகுதிகளை நகர்த்திச்செல்லும் எந்திரத்தில், சிறிய வில்லைகள் அதைவிடப் பலமடங்கு விரைவாக வெளிவருகின்றன.

படி 7: மாறிப்போன ஒளிவிலகல் எண்

கண்ணாடி நிறுவனத்தின் அட்டவணையில் உள்ள ஒளிவிலகல் எண், மிக மெதுவாகக் குளிர்வித்த கண்ணாடிக்கு உரியது. மோல்டில் சில நிமிடங்களில் குளிர்ந்த கண்ணாடியின் அமைப்பு சற்றே தளர்வாக உறைந்துவிடுவதால், அதன் ஒளிவிலகல் எண் பெரும்பாலும் மூன்றாம் தசம இடத்தில் குறைந்துவிடும். இதைப் பொருட்படுத்தாமல் செய்த லென்ஸ் கூர்மை குன்றி வரும். வார்ப்புக்குப் பிந்தைய எண்ணையே வடிவமைப்பில் பயன்படுத்துவது ஒரு தீர்வு. அதற்கு ஒவ்வொரு நாளும் குளிர்விப்பு ஒரே சீராக நடக்க வேண்டும். வார்த்த வில்லைகளை மறுபடி சூடாக்கி மெதுவாக ஆற்றுவது மற்றொரு தீர்வு. அதில் கண்ணாடிக்குள் தங்கிய இறுக்கமான உட்தகைவும் தணியும், ஆனால் வடிவம் சற்று மாறும் என்பதால் அந்த மாற்றத்தையும் மோல்டில் ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

படி 8: அளத்தல்

கோளப் பரப்பை அளக்க, பரப்பிலிருந்து திரும்பும் ஒளியலையை ஒரு மாதிரி அலையோடு சேர்த்து, வேறுபாட்டை ஒளியும் இருளுமான வரிகளாகக் காட்டும் லேசர் குறுக்கீட்டுமானியே போதும். கோளமற்ற பரப்பை அதே கருவியில் வைத்தால் என்ன ஆகும்? நாம் முன்பு பார்த்த 106 மைக்ரான் விலக்கத்துக்கு, 0.633 மைக்ரான் அலைநீளமுள்ள ஹீலியம்-நியான் லேசரில், முந்நூறுக்கும் மேற்பட்ட வரிகள் தோன்றும். ஓரத்தில் அவை நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும். கருவியால் எண்ண முடியாது. எனவே மூன்று மாற்று வழிகள் வந்தன.

முதல் வழி, கூரிய முனையைப் பரப்பின்மீது மையம் வழியாக ஊரவிட்டு, அதன் ஏற்ற இறக்கத்தைப் பதிவது. இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனத்தின் டாலிசர்ஃப் கருவிகளும், மிகச் சிறிய விசையால் தொடும் பானசோனிக்கின் யூஏ3பி கருவியும் இவ்வகையில் பெயர்பெற்றவை. இரண்டாவது வழியில், அந்தப் பரப்புக்கென்றே கணினியில் கணக்கிட்டுக் கண்ணாடித் தகட்டில் பொறித்த ஹோலோகிராம், லேசர் அலையைக் கோளமற்ற அலையாக மாற்றிவிடுகிறது. பரப்பு சரியாக இருந்தால் வரிகள் நேராகும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு ஹோலோகிராம் வேண்டும் என்பதால் இது செலவு மிக்கது. மூன்றாவது வழியில், பரப்பைச் சிறு பகுதிகளாக அளந்து கணக்கால் ஒட்டுகிறார்கள்.

அன்றாட உற்பத்தியில் எல்லா வில்லைகளையும் இப்படி அளப்பதில்லை. ஒவ்வொரு தவணை உற்பத்தியிலும் சிலவற்றை எடுத்து அளந்து, மோல்டு நலமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கீறல், புள்ளி, பூச்சுத் துகள் ஆகியவற்றை மட்டும் எல்லா வில்லைகளிலும் விளக்கின்கீழ் கண்ணாலோ கேமராவாலோ தேடுகிறார்கள்.

முன்பு ஒத்திவைத்த நெளிவு இங்கேதான் வெளிப்படுகிறது. வைரச் சக்கரம் சுருள் பாதையில் நகர்ந்து விட்டுச்சென்ற நுண்ணிய வளையங்கள் மோல்டில் எஞ்சியிருந்தால், அவை ஒவ்வொரு வில்லையிலும் அப்படியே பதியும். அவற்றின் உயரம் சில பத்து நானோமீட்டரே என்பதால் கூர்மையை அவை பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் இரவில் எடுத்த படத்தில், குவியத்துக்கு வெளியே தெரியும் தெருவிளக்கின் வட்டத்துக்குள், வெங்காயத்தை வெட்டியதுபோல் வளையங்கள் தோன்றும். 2016-இல் ஜி மாஸ்டர் லென்ஸ்களோடு சோனி அறிமுகப்படுத்திய எக்ஸ்ஏ என்ற கோளமற்ற வில்லைகளைப் பற்றி, பரப்பு 0.01 மைக்ரான் அளவுக்குச் சீரானது என்று அந்நிறுவனம் அறிவித்தது இந்த வளையங்களைக் குறிவைத்துத்தான். இது விளம்பரத்துக்கான எண் மட்டுமே என்று ஒதுக்க வேண்டியதில்லை; மோல்டை மெருகேற்றும் கடைசிக் கட்டத்தில் கூடுதல் நேரம் செலவிட்டதன் பலன் மங்கிய விளக்கு வட்டங்களில் தெளிவாகவே தெரிகிறது.

பெரிய வில்லைகள்: தேய்த்து மெருகேற்றும் வழி

அகன்ற கோண லென்ஸ்களின் முன்வரிசையில் இருக்கும் பெரிய வில்லைகளை அழுத்தி வார்க்கும்போது சூடும் குளிரும் சீராகப் பரவுவது கடினம். மோல்டுக்கான செலவுக்கு ஈடான எண்ணிக்கையும் பல நேரங்களில் இருப்பதில்லை. அங்கே கண்ணாடியையே எந்திரத்தில் வைரச் சக்கரத்தால் கோளமற்ற வடிவில் அரைத்து, வில்லையைவிடச் சிறிய மென்மையான கருவியால் மெருகேற்றுகிறார்கள். கருவி எந்த வட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அளவிட்ட பிழையிலிருந்து கணினி கணக்கிடுகிறது.

இதில் நிகழ்ந்த பெரிய முன்னேற்றம் காந்தத் திரவ மெருகேற்றம். இரும்புத் துகள்களும் சீரியம் ஆக்சைடு போன்ற மெருகுப் பொருளும் கலந்த திரவம் சுழலும் சக்கரத்தின்மேல் நாடாவாக ஓடும். காந்தப்புலத்துக்குள் வந்ததும் அது கெட்டிப்பட்டுக் கண்ணாடியை மெருகேற்றும். வெளியே போனதும் மீண்டும் திரவமாகும். தேயாத கருவி என்பதால் அது எவ்வளவு கண்ணாடியை நீக்கும் என்பதை நம்பிக் கணக்கிட முடிகிறது. பெலாரஸின் மின்ஸ்க் நகரில் தொடங்கிய ஆய்வு, அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வளர்ந்து, 1996-இல் அங்கே தொடங்கப்பட்ட க்யூஇடி டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் வழியாகத் தொழிற்சாலைகளுக்கு வந்தது.

படி 9: மையப்படுத்துதல்

இந்தப் படியின் அருமை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டு பக்கமும் கோளமாக உள்ள வில்லையில், இரு கோளங்களின் மையங்களையும் இணைக்கும் கோடே ஒளி அச்சு. வில்லையை எப்படிக் கோணலாகச் செய்திருந்தாலும் அப்படி ஒரு கோடு கட்டாயம் இருக்கும். ஆகவே வில்லையைச் சுழற்றி, அந்தக் கோட்டைச் சுழலச்சோடு ஒன்றவைத்து, ஓரத்தை வட்டமாக அரைத்துவிட்டால் பிழை முழுவதும் தீர்ந்துவிடும். கோளமற்ற பரப்பு அப்படிப்பட்டதன்று. அதற்குத் தனக்கென்று ஓர் அச்சு உண்டு. அந்த அச்சு எதிர்ப்பக்கத்தின் அச்சோடு சாய்ந்தோ விலகியோ இருந்தால், ஓரத்தை எப்படி அரைத்தாலும் அந்தச் சாய்வு தீராது. எனவே அதை மோல்டு உறையின் இடைவெளியிலேயே கட்டுப்படுத்தியாக வேண்டும்; மையப்படுத்தும் எந்திரத்தால் செய்யக்கூடியது எஞ்சிய பிழையை எந்தப் பரப்புக்குச் சாதகமாகப் பங்கிடுவது என்பது மட்டுமே. படத்தின் ஒரு மூலை மட்டும் மங்கலாகத் தெரியும் லென்ஸ்களில், குற்றம் பல நேரங்களில் இந்தச் சாய்விலோ பொருத்தியதில் நேர்ந்த விலகலிலோதான் இருக்கும்.

படி 10: பூச்சு, கருமை, பொருத்துதல்

கழுவி உலர்த்திய வில்லைகள், கறைபடும் முன் விரைவாக வெற்றிட அறைக்குச் செல்கின்றன. அங்கே மெக்னீசியம் ஃபுளூரைடு, பல்வேறு ஆக்சைடுகள் ஆகியவற்றின் மெல்லிய அடுக்குகள் ஒளித்தெறிப்பைக் குறைக்கும் பூச்சாகப் படிகின்றன. செங்குத்தாக வளைந்த ஓரப்பகுதியில் படலம் மெலிந்துவிடும் என்பதால், ஆழமான கோளமற்ற பரப்புகளில் வில்லைகளைச் சாய்த்துச் சுழற்றியபடியே பூசுகிறார்கள். அடுத்து, அரைத்த ஓரத்தில் கருப்பு மை தீட்டப்படுகிறது. இந்தக் கருமை இல்லாவிட்டால் ஓரத்தில் பட்டுச் சிதறும் ஒளி, படத்தின் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான மாறுபாட்டைக் கெடுக்கும்.

பொருத்தும் மேசையில் கோளமற்ற வில்லை மிகுந்த மரியாதையோடு நடத்தப்படுகிறது. சில மைக்ரான் பக்கவாட்டு விலகலே ஓரங்களில் வால்போன்ற மங்கலை உண்டாக்கும் வடிவமைப்புகள் உள்ளன. அவற்றில் ஒரு வில்லையை மட்டும் இறுக்காமல் வைத்துவிட்டு, லென்ஸின் வழியே சோதனை வடிவத்தை உருவுணரியில் விழவைத்து, நான்கு மூலைகளும் சமமான கூர்மைக்கு வரும்வரை அந்த வில்லையைப் பக்கவாட்டில் நகர்த்தி, பிறகு புறஊதாப் பசையால் நிலைநிறுத்துகிறார்கள். பழுதுபார்க்கும்போது இந்தப் பசைப் புள்ளிகளைக் கண்டால், அந்த வில்லையைக் கழற்றாமல் சுற்றியுள்ள பகுதியை மட்டும் சுத்தம் செய்வதே நல்லது. ஒருமுறை கழற்றிவிட்டால், அதே சோதனை மேசை இல்லாமல் பழைய இடத்தில் அதை அமர்த்த முடியாது.